மிஸஸ் கெய்ன்ஸின் காதில் விழாத பெயர்

மூன்று நாளாக அந்த ஆஸ்பத்திரியில் "அல்மீட்டா" என்று கூப்பிட்ட ஒருவருக்கும் பதில் கிடைக்கவில்லை. காலைச் சாப்பாடு கொண்டுவந்தவள் கூப்பிட்டாள். ரத்தம் எடுக்க வந்தவன் கூப்பிட்டான். தரை துடைக்கிற ஆள்கூடப் போகிற போக்கில் ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எழுபத்தாறு வயது அம்மாளோ, ஜன்னலுக்கு வெளியே நின்ற பைன் மரங்களை, ஏதோ அவரே நட்டு வளர்த்த மரங்கள்போல, அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் டேஷாவுக்கு இருபத்து நாலு வயது. தங்கமான பெண். அவளுக்கு எல்லா நோயாளியும் செல்லம்தான்; கைக்குழந்தையும் செல்லம், ஓய்வுபெற்ற நீதிபதியும் செல்லம். "அல்மீட்டா செல்லம், மாத்திர போட்டுக்கலாமா?" என்று காதருகே குனிந்து கேட்பாள். பதில் வராது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வார். பாவம், விழுந்ததில் தலையிலும் அடி பட்டிருக்கிறதே என்று மனசுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டே, முதல் நாள் மாலை அவள் கேஸ் தாளில் எழுதிவிட்டாள்: "தன் பெயருக்குப் பதில் சொல்வதில்லை."

எழுதியது நாலைந்து சொல். அது போய்ச் சேர்ந்த இடம்தான் தூரம். டாக்டர் ஸ்ட்ராட்டன் அதைப் படித்துப் புருவத்தைச் சுளித்தார். பர்மிங்ஹாமிலிருந்து ஓடி வந்த தம்பி மகன் வெண்டலிடம் சொன்னார். வெண்டல் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர். ஆபத்து வருமுன்பே அதற்கு ஏற்பாடு செய்து பழகியவன். பர்மிங்ஹாமில் ஒரு முதியோர் இல்லத்தை அவன் போன வருஷமே பார்த்து வைத்திருந்தான். புல்வெளி உண்டு, பியானோ உண்டு, ஞாயிற்றுக்கிழமை கோழி வறுவல் உண்டு. இந்த அம்மாளால் தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தால், நேரே புல்வெளிக்கு. எழுதவில்லையென்றால், அவரும் அவருடைய கணவரும் செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டி, கணவர் போன பிறகு அவர் மட்டும் இருந்து ஆண்டுவரும் மேபிள் தெரு வீட்டுக்கு.

எல்லாம் ஒரு பெயரில் வந்து நின்றது. அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்று அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். காதும் பழுதில்லை. பக்கத்து வார்டில் இரண்டு நர்சுகள் தங்கள் மேலதிகாரியைப் பற்றி முணுமுணுத்தது முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது, ரசித்தும் இருந்தார். அந்த ஒரு சொல் மட்டும் உள்ளே போவதில்லை. அதற்கு அலபாமாவின் ஒரு கல்லூரி பொறுப்பேற்க வேண்டும்.

பிறந்த பண்ணை வீட்டில் அவரைக் "குட்டி" என்றார்கள். சர்ச்சிலும் குட்டிதான். அல்மீட்டா என்று முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவர்கள், யாருடைய அடுக்களையில் அவர் பாத்திரம் கழுவினாரோ அந்த வெள்ளைக்காரர்கள் மட்டும். அந்த ஊரில் கறுப்பர் ஒருவர் பிறந்தால் வெறும் பெயர், தலை நரைத்தால் "ஆன்ட்டி", "அங்கிள்", செத்தால் மறுபடி வெறும் பெயர். மிஸ்டரும் மிஸஸும் வேறு பக்கத்துச் சொத்து.

அப்படிப்பட்ட குட்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஹார்வெல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். கறுப்பர்கள் படிக்கவென்றே ஏற்பட்ட கல்லூரி. கட்டடங்களின் செங்கல்கூட முந்தைய தலைமுறை மாணவர்களே சுட்டது. முதல் நாள் வேதியியல் வகுப்பில் பேராசிரியர் வருகை எடுத்தார். "மிஸ் டாலிவர்" என்றார். பதில் இல்லை. மறுபடி "மிஸ் டாலிவர்" என்றார். முதல் வரிசையில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அல்மீட்டா டாலிவர், யாரோ பணக்கார வீட்டுப் பெண் முதல் நாளே மட்டம் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வகுப்பிலேயே இருந்துகொண்டு வராதவள் ஆனாள்.

சாயங்காலம் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பான மிஸ் பீச்சம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஐந்தடிகூட இல்லாத உருவம். ஆனால் அவர் வந்தால் ஆறடி ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அந்தக் கல்லூரியில் வாத்தியார் மாணவரையும், மாணவர் வாத்தியாரையும், வகுப்புக்குள் மாணவர் மாணவரையும் மிஸ்டர், மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். தோட்டக்காரர் மிஸ்டர் பேட்ஸ். சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவர் மிஸஸ் லூமிஸ். இதென்ன நாடகம் என்று புதுப் பிள்ளைகள் முதல் வாரம் சிரிப்பார்கள்.

"சிரிச்சுக்கோங்க மிஸ் டாலிவர்," என்றார் மிஸ் பீச்சம். "கேட்டுக்கு வெளிய உங்கள யார் எப்படிக் கூப்பிட்டாலும் என்னால தடுக்க முடியாது. ஆனா நாலு வருஷத்துல உங்க காத நல்லாக் கெடுத்துத்தான் அனுப்புவேன். அதுக்கப்புறம் மரியாதையில்லாம யார் கூப்பிட்டாலும் உள்ள போகாது."

சொன்னபடி கெடுத்து அனுப்பினார்.

இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் பிற்காலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராயப் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து இப்போதெல்லாம் ஆட்கள் கிளம்புகிறார்கள். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு உண்டா, ரத்தக் கொதிப்பு எத்தனை, ஞாபக சக்தி எப்படி என்று எல்லாம் கேட்கிறார்கள். நல்ல காரியம்தான். அப்படி ஒரு முறை போன் வந்தபோது மறுமுனையில் இருந்த இளைஞன் உற்சாகமாக "ஹலோ, அல்மீட்டாவா?" என்று ஆரம்பித்தான். ரிசீவர் கீழே போய்விட்டது. ஆகவே அந்த ஆராய்ச்சியில் இவர் இல்லை. இவரோடு படித்தவர்களில் பாதிப் பேரும் அதே காரணத்தால் இல்லை. மீதிப் பேரை வைத்து என்ன கண்டுபிடித்தார்களோ, அது ஆராய்ச்சியாளர்கள் பாடு.

வேதியியல் பட்டத்தோடு வெளியே வந்தவருக்கு அந்த மாவட்டத்தில் கிடைத்தது தபாலாபீஸின் பின்கட்டில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. கூடப் படித்த மிஸ்டர் ராஸ்கோ கெய்ன்ஸ் கணக்கு வாத்தியாரானார். இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணம் ஆனால் பழக்கம் போய்விடுமா? வீட்டுக்குள்ளும் "மிஸ்டர் கெய்ன்ஸ், உப்பு போதுமா?", "மிஸஸ் கெய்ன்ஸ், விளக்க அணைக்கட்டுமா?" என்றுதான் பேச்சு. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டார், பாவம் புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் மனத்தாங்கல் வந்தால்தான் அந்த வீட்டில் வெறும் பெயர் ஒலிக்கும். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் சிறுவன் வெண்டல், அடுக்களையிலிருந்து "ராஸ்கோ" என்று ஒரு குரல் கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுவான்.

அறுபதுகளின் நடுவில் சட்டம் மாறியது. மிஸஸ் கெய்ன்ஸ் பின்கட்டிலிருந்து கவுன்ட்டருக்கு வந்தார். அங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பெயர்ப் பலகை. ஒன்றில் மிஸ்டர் பிளெட்சோ, இன்னொன்றில் மிஸ் ராலிங்ஸ். மூன்றாவதற்கு போஸ்ட்மாஸ்டர் ஹாட்ஜ் செய்து வைத்திருந்தது "அல்மீட்டா". மிஸஸ் கெய்ன்ஸ் அதை எடுத்து, உடைக்காமல், மேஜை டிராயரில் வைத்து மூடினார். போஸ்ட்மாஸ்டர் மறுநாள் வெளியே வைத்தார். மறுநாள் அது டிராயருக்குள் போயிற்று. இப்படி இரண்டு அரசு ஊழியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பலகையை உள்ளேயும் வெளியேயும் வைத்ததில் ஒரு வசந்த காலம் கழிந்தது.

இதனிடையே வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தர்மசங்கடம். வெறும் பெயரைச் சொன்னால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்குக் கேட்பதில்லை. மிஸஸ் என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆகவே இருமினார்கள். தொண்டையைச் செருமினார்கள். சில்லறையால் கவுன்ட்டரைத் தட்டினார்கள். தபாலாபீஸ் பக்கம் போனவர்கள் ஊரில் ஏதோ மார்ச்சளி பரவியிருக்கிறது என்று நினைத்தார்கள். கடைசியில் அவசரமாக ஒரு பார்சல் வாங்க வேண்டியிருந்த வக்கீல் க்ராண்டல், இருமி இருமிக் களைத்துப்போய், சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்கிறவர்போலத் தணிந்த குரலில் "மிஸஸ் கெய்ன்ஸ்" என்றார். "சொல்லுங்க மிஸ்டர் க்ராண்டல்" என்று மிஸஸ் கெய்ன்ஸ் பார்சலை உடனே எடுத்து வைத்தார். கூரை இடிந்து விழவில்லை. அடுத்து நின்றவரும் சொல்லிவிட்டார். புதுப் பலகை அந்த மாதமே வந்தது. வரிசை நகராத கோபத்தில் செய்ததே தவிர போஸ்ட்மாஸ்டர் மனம் திருந்தினார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாழ்நாளெல்லாம் இப்படி ஜெயித்து வந்தவருக்கு ஆஸ்பத்திரியில்தான் தலைவலி. இங்கே எதிரி என்று யாரும் இல்லை. கூப்பிடுகிற டேஷா கறுப்புப் பெண், பிரியத்தில் கூப்பிடுகிறாள். டாக்டர் ஸ்ட்ராட்டன் வெள்ளைக்காரர்தான், ஆனால் மேயரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். காலம் மாறிவிட்டது, எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதுதான் சமத்துவம் என்கிறார்கள். இருக்கலாம். மிஸஸை வாங்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவருக்கு, வாங்கிய பிறகு அது செல்லாது என்று அறிவித்தால் எப்படி இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வெண்டல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கெஞ்சினான். நாளைக் காலை டாக்டர் வந்து பெயர் கேட்பார், முதல் பெயரும் சேர்த்து. சொன்னால் வீடு, சொல்லாவிட்டால் பர்மிங்ஹாம். புல்வெளி அவனுக்கும் ஆசையில்லை. இந்த நிலையில் தனியாக விட்டுப் போக அவன் மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க அத்தே. யார் காதுல விழப்போகுது?"

"என் காதுல."

"அந்த வீட்ட விடவா இது பெருசு?"

மிஸஸ் கெய்ன்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த வீட்டின் பின்வாசலில் நின்றால் காலை வெயில் முதலில் எந்தச் செங்கல்லில் விழும் என்பதுகூட அவருக்குத் தெரியும். "வீடு எனக்குப் பெருசுதான்டா வெண்டல்," என்றார். "போச்சுன்னா அழுவேன். ஆனா மிஸஸ் கெய்ன்ஸாவே உக்காந்து அழுவேன்."

வெண்டல் எழுந்து காபி குடிக்கப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் ஓடம் வந்தார். முப்பது வருஷம் கூட வேலை பார்த்த தபால்காரர், இப்போது ஓய்வில் இருப்பவர். கையில் மனைவி செய்து கொடுத்த வெண்ணெய் கேக். வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மிஸஸ் கெய்ன்ஸ் தூங்குறாங்களா என்று டேஷாவிடம் மெல்லக் கேட்டார். டேஷா வாயைத் திறப்பதற்குள் மூடியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தூங்கல மிஸ்டர் ஓடம். உள்ள வாங்க. உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

டேஷா மருந்து வண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நாளாகக் காதருகில் கத்தினாலும் கேட்காதவருக்குத் திரையைத் தாண்டி முணுமுணுப்பு கேட்கிறது. முழங்கால் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்கால மாத்திரை நேரத்தில் அவள் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். வாய்க்கு வராத சொல்லைச் சொல்கிற கூச்சத்தோடு, "மிஸஸ் கெய்ன்ஸ், மாத்திர" என்றாள்.

"நன்றி, மிஸ் லெட்பெட்டர்."

அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் டேஷா என்று மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வழக்கம் அப்படி. எப்படித் தெரியும் என்று கேட்டாள். லெட்பெட்டர் வீட்டு நெற்றி எங்கே போனாலும் தெரியும் என்றார் மிஸஸ் கெய்ன்ஸ். ரிட்ஜ் ரோட்டில் வீடு. கிறிஸ்துமஸுக்கு டெட்ராய்ட்டிலிருந்து பெரிய பார்சல் வரும். அதை வாங்க அவள் அம்மா வயிற்றில் இவளைச் சுமந்துகொண்டு வந்து நின்றபோது, வரிசையில் நிற்க வேண்டாம் என்று உட்கார நாற்காலி போட்டதும் இவர்தான். டேஷா தலையை ஆட்டிக்கொண்டே போனாள். நோயாளிக்கு நினைவு தப்பியிருக்கிறது என்று நினைத்தவளுக்கு, தான் பிறப்பதற்கு முந்தைய நினைவு ஒன்று கிடைத்திருந்தது.

வியாழக்கிழமை காலை டாக்டர் வந்தார். வெண்டல் டையைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றான். டாக்டர் கேஸ் தாளைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்ததும், கூப்பிடாமலே டேஷா முன்னால் வந்தாள்.

"அந்த வரிய எழுதினது நான்தான் டாக்டர். தப்பா எழுதிட்டேன். அவங்களுக்கு எல்லாம் கேக்குது. நாம கூப்பிடுறதுதான் சரியில்ல."

டாக்டருக்குப் பாதி புரிந்தது. இருந்தாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே. வெளியே அனுப்புமுன் நோயாளி தன் முழுப் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் குரலை இறக்கி, மரியாதையாகவே, உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

"மிஸஸ் கெய்ன்ஸ்."

"முதல் பேரு?"

"என் வலது கையில பேர்ப் பட்டை கட்டி விட்டிருக்கீங்களே டாக்டர். அதுல இருக்கு."

"எனக்குத் தெரியுமாங்கிறது இல்ல கேள்வி. உங்களுக்குத் தெரியுமாங்கிறதுதான்."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான். மிஸஸ் கெய்ன்ஸ் மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பன்னண்டு வயசுல ஒரு வீட்டுல வேல செஞ்சேன்," என்றார். "அந்த வீட்டுல ஏழு வயசுப் பையன் ஒருத்தன். அவன் அந்தப் பேரச் சொல்லி என்னக் கூப்பிடுவான். நான் அவன மிஸ்டர் ராபின்னு கூப்பிடணும். ஒரு தடவ மறந்துட்டேன். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இல்ல. அதனால அந்தப் பேர நான் மறக்கல டாக்டர். மறந்தாத்தான் எனக்கு ஏதோ ஆச்சுன்னு அர்த்தம்."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். விதியை மீறுகிற ஆள் இல்லை அவர். அதே சமயம் வியாதி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியாத ஆளும் இல்லை. இப்போது என்ன செய்யலாம் என்று நோயாளியிடமே கேட்டார். நல்ல டாக்டர்களுக்கு அழகு அது.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க படிங்க. அது நானா இல்லையான்னு சொல்றேன். ஆனா முன்னால வைக்க வேண்டியத வச்சுப் படிக்கணும்."

டாக்டர் ஸ்ட்ராட்டன் குனிந்து, பட்டை கட்டிய அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தார். "மிஸஸ் அல்மீட்டா கெய்ன்ஸ்," என்று படித்தார்.

"நான்தான்."

பிறந்த தேதி, இன்றைய கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது எல்லாம் அதன் பிறகு சட்டென்று முடிந்தது. கழித்தலில் வெண்டல் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு ஒரு இடத்தில் தவறினான், அத்தை தவறவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதினார். ஒரே நிபந்தனை: தனியாக இருக்கிற முதியவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் தினமும் காலையில் போன் செய்யும். எடுத்து, நலம் என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போலீஸ் ஆள் வந்து பார்ப்பார். மிஸஸ் கெய்ன்ஸ் ஒப்புக்கொண்டார். போன் செய்யப்போவது யார் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் கேட்கவில்லை.

போன் செய்தது யாரும் இல்லை, ஒரு இயந்திரம். வெள்ளிக்கிழமை காலை அது தேன் ஒழுகும் குரலில், "காலை வணக்கம், அல்மீட்டா! நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்" என்றது. ரிசீவர் கீழே போயிற்று. மறுபடி அழைத்தது. மறுபடி கீழே போயிற்று. இயந்திரத்துக்கு இருமத் தெரியாது.

முக்கால் மணி நேரத்தில் ஷெரிஃப் ஆபீஸ் வண்டி வந்து வாசலில் நின்றது. இறங்கியவர் டால்பர்ட் என்கிற இளம் வெள்ளைக்காரர். தபால்பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். மிஸஸ் கெய்ன்ஸ் உள்ளே இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தார். கதவு உடனே திறந்தது. பொத்தானை அழுத்தவில்லையாமே என்று அவர் கேட்டதற்கு, அது கூப்பிட்டது என்னை இல்லை என்றார் மிஸஸ் கெய்ன்ஸ். காபி கொடுத்தார்.

சனிக்கிழமையும் அதே கதை. ஞாயிறும் திங்களும்கூட. இயந்திரத்துக்கு மிஸஸ் என்று சொல்லிக் கொடுக்க முடியுமா என்று ஆபீஸில் விசாரித்தார்கள். முடியாதாம், நட்பாகப் பேசும்படி அமைத்த கருவியாம். இரண்டாவது வாரம், நட்பான கருவியின் பட்டியலிலிருந்து மேபிள் தெரு வீட்டை எடுத்துவிட்டார்கள். காலை ரோந்துக்குப் போகிற வழியில் டால்பர்ட்டே தட்டிப் பார்த்துவிட்டுப் போவார் என்று முடிவாயிற்று.

வெண்டலுக்கு இது தெரிந்து, பர்மிங்ஹாமிலிருந்து ஒரு நாள் காலையில் கூப்பிட்டுக் குறைபட்டுக்கொண்டான். தினம் விடிந்தால் வாசலில் போலீஸ் வண்டி, அக்கம்பக்கம் என்ன நினைக்கும், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று அடுக்கினான். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தத் தெருவுல அந்த வண்டி நின்னா நாங்க விளக்க அணைச்சுட்டு உள்ள உக்காந்திருந்த காலம் உனக்குத் தெரியாது," என்றார். "இரு, மிஸ்டர் டால்பர்ட் கூப்பிடுறாரு. நான் போய்க் கதவத் திறக்கணும்."